கடைமடைக்குத் தேதி தெரிய வேண்டும்

கரோல் பாக்கில் தங்கிக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது: "ஒரு பெரிய நாட்டின் வெளியுறவுக் கொள்கையால் வளரும் நாடுகளில் நிலைத்தன்மையை உண்டாக்க முடியுமா? இந்தியாவை வைத்துச் சொல்லுங்கள். பணம் கொடுத்தால் போதுமா?"

முடியும் தம்பி. ஆனால் பணத்திலிருந்து தொடங்கினால் பதில் தடம் மாறிவிடும். மேட்டூரை நினைத்துப் பாருங்கள். ஜூன் 12-இல் அணை திறக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் தஞ்சை விவசாயி குறுவைக்கு நாற்று விடுவார். எவ்வளவு தண்ணீர் என்பது இரண்டாவது கேள்வி. எந்தத் தேதியில், எத்தனை நாளைக்கு என்பதே முதல் கேள்வி. டெல்லியில் இருப்பவர்களுக்கு யமுனையே இதைச் சொல்லும். ஹத்னிகுண்டு தடுப்பணையில் ஹரியானா விடுவதைப் பொறுத்துத்தான் இந்த ஊரின் கோடை.

சின்ன நாடுகள் பெரிய நாடுகளின் கடைமடையில் இருக்கின்றன. டாலர், அரிசி, டீசல், உரம், விசா எல்லாம் மேலிருந்து வர வேண்டும். மேலே இருப்பவர் என்ன செய்வார் என்று முன்கூட்டியே தெரிந்தால் அவர்கள் பட்ஜெட் போடலாம், பயிர் வைக்கலாம், கடன் வாங்கலாம். தெரியாவிட்டால் எத்தனை கோடி கொடுத்தாலும் அடுத்த நெருக்கடியில் எல்லாம் கரைந்துபோகும்.

2022 இலங்கையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். சரியாகச் செய்தது, பிந்திச் செய்தது இரண்டுமே அதில் இருக்கின்றன. 2019 இறுதியில் சுமார் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துகொண்டே வந்தது. 2022 மே மாதத்தில் கையாளக்கூடிய தொகை 5 கோடி டாலருக்கும் கீழே போய்விட்டதாக அந்நாட்டு நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். கையிருப்பு இந்த நிலைக்கு வரும்போது முதலில் நின்றுபோவது எல்.சி., அதாவது இறக்குமதிக்குப் பணம் தருவோம் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம். உள்ளூர் வங்கி திறக்கும் எல்.சி.யை வெளிநாட்டு வங்கி ஏற்காது. எண்ணெய்க் கப்பல் கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கு இறங்காது, நாளுக்கு நாள் டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் ஏறும். அந்த நேரத்தில் பாலம் கட்டித் தருகிறேன் என்பது உதவியாகாது. உடனடியாக டாலர் வேண்டும்.

இந்தியா செய்த வரிசை இது. ஜனவரியில் ரிசர்வ் வங்கி வழியாக 40 கோடி டாலருக்கு கரன்சி ஸ்வாப். இலங்கை மத்திய வங்கி தன் ரூபாயை ஈடாக வைத்து டாலரை எடுத்துக்கொண்டது. அதோடு, ஆசிய நாடுகள் தங்களுக்குள் வர்த்தகக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் ஆசிய கிளியரிங் யூனியன் வழியாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலங்கை கட்ட வேண்டிய பாக்கியை இந்தியா தள்ளிப்போட ஒப்புக்கொண்டது. இந்த இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. தர வேண்டியதை இப்போது தராதே என்பது புதிதாகக் கொடுப்பதற்குச் சமம். அதற்குக் கப்பலும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். பிப்ரவரியில் எரிபொருளுக்கு எக்ஸிம் எனப்படும் ஏற்றுமதி–இறக்குமதி வங்கி வழியாக 50 கோடி டாலர் கடன் வசதி. மார்ச்சில் உணவு, மருந்து, அத்தியாவசியப் பொருள்களுக்கு ஸ்டேட் வங்கி வழியாக 100 கோடி. ஏப்ரல் 12-இல் இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. அதன் பிறகும் இந்தியா விலகவில்லை. அந்த ஆண்டு மொத்த உதவி சுமார் 400 கோடி டாலர். தமிழ்நாடு அரசும் தன் பங்குக்கு 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்துகள் தருவதாகச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, மே மாதமே சென்னையிலிருந்து முதல் கப்பலை அனுப்பியது.

சறுக்கியது எங்கே? யூரியாவில். 5.5 கோடி டாலர் கடனில் 65,000 டன். ஒப்பந்தம் ஜூனில்தான் கையெழுத்தானது. 44,000 டன் ஜூலையில் ஒப்படைக்கப்பட்டது, மீதி ஆகஸ்டில். யூரியா நெல்லுக்குப் பயன்படுவது பயிர் தூர் கட்டும் பருவத்திலும் கதிர் உருவாகத் தொடங்கும் பருவத்திலும்தான். மே வாக்கில் தொடங்கும் சிறுபோகத்துக்கு ஆகஸ்டு மூட்டை அநேகமாகப் பிந்திவிடும், அடுத்த பருவமான பெரும்போகத்துக்குத்தான் ஆகும். இரசாயன உரத்தை முந்தைய ஆண்டு திடீரென்று தடை செய்தது இலங்கை அரசின் தவறு, மறுக்கவில்லை. ஆனால் உதவுகிறவர் பயிர்க் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு, கப்பல் வந்து சேர வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தன் கோப்புகளை நகர்த்த வேண்டும்.

பிறகு நடந்த ஒன்று 400 கோடி டாலரை விடப் பெரிது என்பேன். கடன் கொடுத்த நாடுகள் தவணையைத் திருத்தி அமைக்கச் சம்மதம் என்று உறுதி தராமல் சர்வதேச நாணய நிதியம் புதிய திட்டத்தை அங்கீகரிக்காது. கடன் கொடுத்த ஒவ்வொருவரும் அடுத்தவர் முதலில் உறுதி தரட்டும் என்று காத்திருப்பார். நான் விட்டுக்கொடுத்த பணத்தில் அவர் தன் பாக்கியை வசூலித்துக்கொள்வாரே என்ற பயம் அது. 2023 ஜனவரியில் இந்தியா முதல் ஆளாக உறுதிக் கடிதம் கொடுத்தது. மார்ச் 20-இல் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு நிதியம் ஒப்புதல் தந்தது. ஜாம்பியாவைப் பாருங்கள். 2020 நவம்பரில் கடன் தவறிய அந்த நாட்டுக்கு, கடன் கொடுத்த அரசுகளோடு உடன்பாடு வர 2023 ஜூன் ஆயிற்று. இரண்டரை ஆண்டு ஒரு நாடு காத்திருந்தது. கடிதம் அனுப்ப டாலர் செலவில்லை. முதலில் நகரத் துணிவு வேண்டும்.

இதே இந்தியா கடைமடையைத் தவிக்க விட்டதும் உண்டு. 2021 ஜனவரியில் பூடானுக்கும் மாலத்தீவுக்கும் தடுப்பூசி அனுப்பிப் பாராட்டு வாங்கினோம். இரண்டாம் அலை வந்ததும் ஏற்றுமதி நின்றது. வங்கதேசத்தில் முதல் ஊசி போட்டவர்கள் இரண்டாம் ஊசிக்குக் காத்திருந்தார்கள். அந்த அரசு சீனத் தடுப்பூசியை வாங்கியது. அப்போது டெல்லி மருத்துவமனைகள் இருந்த நிலையில் உள்நாட்டுக்கு முன்னுரிமை கொடுத்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இரண்டு டோஸ் ஊசிக்கு முதல் டோஸை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கான மாற்று ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே யோசித்திருக்க வேண்டும்.

அரிசி இன்னும் தெளிவான உதாரணம். 2023 ஜூலை 20-இல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை; அது விலகியது 2024 செப்டம்பர் இறுதியில். உலக அரிசி ஏற்றுமதியில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் வைத்திருக்கும் நாடு ஒரே இரவில் கதவைச் சாத்தினால், மேற்கு ஆப்பிரிக்காவில் இறக்குமதி அரிசியை நம்பியிருக்கும் நகரங்களில் விலை ஏறாமல் என்ன செய்யும்? அரசுக்கும் அரசுக்கும் இடையில் சில நாடுகளுக்கு விலக்கு தரப்பட்டது உண்மை. ஆனால் விலக்குக் கேட்டு டெல்லிக்கு வந்து நிற்க வைப்பதே ஒரு நிச்சயமின்மை. முழுத் தடைக்குப் பதில் படிப்படியாக ஏறும் ஏற்றுமதி வரி, ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு முழு விலக்கு, அரிசியை நம்பியிருக்கும் ஏழை நாடுகளுக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்ட ஒதுக்கீடு என்று மூன்றையும் சேர்த்தால் உள்நாட்டு விலையும் கட்டுப்படும், வெளியில் அதிர்ச்சியும் குறையும். தேர்வு விடைத்தாளில் வேளாண் வர்த்தகக் கொள்கையை வெளியுறவுப் பகுதியிலும் எழுதுங்கள். அது அங்கும் சேர வேண்டியதுதான்.

இனி நீண்டகாலக் கடன்கள். 2015 விதிமுறைப்படி இந்தியாவின் கடன் வசதி நடக்கும் முறை இது. கடன் கேட்கும் அரசு, டி.பி.ஆர். எனப்படும் விரிவான திட்ட அறிக்கையோடு இந்தியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கும். வெளியுறவு அமைச்சகத்தில் 2012-இல் உருவான வளர்ச்சிக் கூட்டாண்மைப் பிரிவு அதைப் பார்த்து, நிதியமைச்சகத்தோடு பேசி ஒப்புதல் வாங்கும். எக்ஸிம் வங்கி கடன் ஒப்பந்தம் போடும். அந்த விதிமுறையில் வட்டி, அதிகச் சலுகை தேவைப்படும் பிரிவு நாடுகளுக்கு 1.5 சதவீதம், திருப்பிக் கட்ட 25 ஆண்டு. அடுத்த பிரிவுக்கு 1.75 சதவீதம், 20 ஆண்டு. இரண்டிலும் முதல் 5 ஆண்டு அசல் கட்ட வேண்டாம். பொருளிலும் சேவையிலும் பொதுவாக 75 சதவீதம் இந்தியாவிலிருந்து வர வேண்டும். பணம் அந்த நாட்டுக் கருவூலத்துக்குப் போகாது. இந்திய ஒப்பந்தக்காரருக்கு நேரே போகும்.

கையாடலைக் குறைக்க இது நல்ல ஏற்பாடு. சிக்கல் வேறு இடங்களில் முளைக்கிறது. டி.பி.ஆர். பழையதாகியிருக்கும்: மூன்று ஆண்டுக்கு முந்தைய சிமெண்ட் விலையில் மதிப்பீடு, நிலம் கையகப்படுத்தும் செலவு பூஜ்யம். இந்திய நிறுவனங்கள் மட்டுமே டெண்டரில் கலந்துகொள்வதால் சில சமயம் ஒன்றோ இரண்டோ பேர்தான் வருவார்கள், விலை ஏறும். நிலமும் உள்ளூர் அனுமதியும் கடன் வாங்கிய நாட்டின் பொறுப்பு. அங்கே தாமதமானால் ஒப்பந்தக்காரர் இயந்திரங்களோடு சும்மா நிற்பார்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது நாணய அபாயம். கடன் டாலரில், வருமானம் உள்ளூர் நாணயத்தில். ஒரு டாலர் 200 இலங்கை ரூபாயாக இருந்தபோது 10 கோடி டாலர் கடன் 2,000 கோடி ரூபாய். 2022-இல் டாலர் 360-ஐத் தொட்டபோது அதே கடன் 3,600 கோடி. சாலை ஒரு மீட்டர்கூட நீளவில்லை, கடன் மட்டும் 80 சதவீதம் வளர்ந்துவிட்டது. டாலர் சம்பாதிக்காத திட்டத்துக்கு, அதாவது குடிநீர், பள்ளி, உள்ளூர்ச் சாலைக்கு, டாலர் கடன் கொடுப்பதைக் கூடியவரை தவிர்த்து மானியமாகக் கொடுப்பதே நியாயம் என்பது என் கருத்து.

பூடானில் இந்தச் சிக்கலுக்கு அழகான தீர்வு கிடைத்தது. 336 மெகாவாட் சூக்கா நீர்மின் நிலையத்துக்கு இந்தியா 60 சதவீதம் மானியமும் 40 சதவீதம் கடனும் கொடுத்தது. உபரி மின்சாரத்தை இந்தியாவே வாங்கிக்கொண்டது. கடன் எந்த நாட்டிலிருந்து வந்ததோ அதே நாட்டிலிருந்தே வருமானமும் வந்ததால் திருப்பிக் கட்டுவது சுமையாகவில்லை. 1,020 மெகாவாட் தாலாவிலும் இதே வழி. பின்னர் கடன் பங்கை உயர்த்தினார்கள். 1,200 மெகாவாட் புனாட்சாங்சு-1 திட்டத்தில் அணை கட்டும் இடத்தின் வலது கரை மலைச்சரிவு 2013-இல் நகர ஆரம்பித்து, வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வேலை நின்றாலும் வட்டி ஓடும். நிலவியல் ஆய்வில் மிச்சம் பிடித்த காசு பத்து மடங்கு செலவாகத் திரும்பி வரும் துறை இது.

சின்னத் தொகையில் பெரிய பலன் கிடைத்த இரண்டைச் சொல்லிவிடுகிறேன். போருக்குப் பின் இலங்கையின் வடக்கு, கிழக்கு, மலையகத்தில் இந்தியா அறிவித்த 50,000 வீடுகள். முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர்கள் கட்டினார்கள். 2012 அக்டோபரிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் பயனாளியே கட்டும் முறைக்கு மாறினார்கள். புது வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், பழுதுபார்க்க 2,50,000, தவணை தவணையாக வங்கிக் கணக்கில் நேராக. அடித்தளம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் அடுத்தது என்ற ரீதியில் போகும். கொத்தனாரையும் மணலையும் குடும்பமே பார்த்துக்கொண்டது. பணம் அந்த ஊரிலேயே சுற்றியது. ஆனால் ஆண் துணையில்லாத குடும்பங்களுக்கும் முதியவர்களுக்கும் கல் சுமந்து வீடு கட்டுவது பெரும் பாடு. அவர்களுக்குத் தனித் துணை ஏற்பாடு இல்லாத இடத்தில் இந்த முறை கடனில் தள்ளிவிடும். இன்னொன்று '1990 சுவசெரிய' இலவச ஆம்புலன்ஸ் சேவை; 1990 என்பது அழைக்கும் தொலைபேசி எண். 2016-இல் 88 வண்டிகளோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு 209 சேர்த்து நாடு முழுவதும் போனது. மானியத்தின் மொத்தம் சுமார் 2.25 கோடி டாலர்தான். வண்டியோடு அழைப்பு மையமும் பயிற்சியும் கொடுத்து, பின் நிர்வாகத்தை இலங்கை அரசின் அமைப்பிடமே விட்டதால் அது இன்றும் ஓடுகிறது.

இதற்கு நேர் எதிர் பாடம் ஆப்கானிஸ்தான். அமெரிக்கா மறுசீரமைப்புக்கு ஒதுக்கியது சுமார் 14,500 கோடி டாலர். அரசுச் செலவில் முக்கால் பங்கு வெளிநாட்டு மானியத்தில் நடந்தது. விமானப்படையின் பராமரிப்பு வெளிநாட்டு ஒப்பந்ததாரர்கள் கையில். 2021-இல் அவர்கள் வெளியேறியதும் விமானங்கள் தரையில் நின்றன. மாதச் சம்பளமும் உதிரிபாகமும் சொந்த வரியில் வராத நிறுவனத்தை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் அது கொடுப்பவரின் நிழல்தான். இந்தியா அங்கே கட்டிய 218 கிலோமீட்டர் சரஞ்ச்–தேலாராம் சாலையும், ஹெராத்தில் 42 மெகாவாட் சல்மா அணையும் அளவில் சிறியவை; ஆட்சி மாறியும் அங்கேயே பயன் தருகின்றன. ஆனால் நாமும் ஒன்றில் தவறினோம். பல ஆண்டுகள் உதவித்தொகை கொடுத்து ஆப்கான் மாணவர்களைப் படிக்க வைத்துவிட்டு, 2021 ஆகஸ்டில் ஏற்கெனவே கொடுத்த விசாக்களை ஒட்டுமொத்தமாக ரத்து செய்தோம். விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்ப முடியாமல் போனது. லாஜ்பத் நகரில் ஆப்கான் ரொட்டிக் கடைகள் இருக்கும் தெருவில் கேட்டுப் பாருங்கள், அணையைவிட விசாவைப் பற்றித்தான் பேசுவார்கள். பாதுகாப்புச் சோதனை அவசியம்தான். ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதிப்பதற்கும் எல்லோரையும் சேர்த்து ரத்து செய்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

படை அனுப்புவது பற்றித் தமிழர்களுக்கு நீட்டிச் சொல்ல வேண்டாம். 1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். களத்தில் ஆயுதம் வைத்திருந்த புலிகள் கையெழுத்திடவில்லை. அமைதி காக்கப் போன படை அக்டோபரிலேயே சண்டையிடும் படையாக மாறியது. 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் சுமார் 1,200 இந்திய வீரர்களும், பெருந்தொகையான ஈழத் தமிழ்ப் பொதுமக்களும் உயிரிழந்திருந்தார்கள். சண்டையிடும் எல்லாத் தரப்பின் சம்மதம், குறிக்கப்பட்ட பணி, குறிக்கப்பட்ட வெளியேறும் நிபந்தனை ஆகிய மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் படை நகரக் கூடாது. லைபீரியாவில் ஐ.நா. கொடியின் கீழ் 2007 முதல் 2016 வரை பணியாற்றிய இந்தியப் பெண் போலீஸ் பிரிவுக்கு அந்த மூன்றும் இருந்தன.

வலுவை எங்கே காட்டாமல் இருப்பது என்பதும் கொள்கைதான். 2014 ஜூலையில் வங்காள விரிகுடா எல்லை வழக்கில் நடுவர் மன்றம், தகராறில் இருந்த சுமார் 25,600 சதுர கிலோமீட்டரில் 19,467-ஐ வங்கதேசத்துக்குக் கொடுத்தது. இந்தியா முணுமுணுக்காமல் ஏற்றது. அடுத்த ஆண்டே, 1974-இல் கையெழுத்தாகி 41 ஆண்டு தூங்கிய நில எல்லை ஒப்பந்தம் நிறைவேறி, ஒரு நாட்டுக்குள் சிக்கியிருந்த மற்ற நாட்டின் நிலத் திட்டுகள், நம்முடையவை 111-க்கு அவர்களுடையவை 51 என்று கைமாறின. அதே 2015 செப்டம்பரில் நேபாள எல்லையில் லாரிகள் நின்றன; இந்தியா மறுத்தாலும் நேபாளம் அதை நம் முற்றுகையாகவே பார்த்தது. டீசலும் சமையல் எரிவாயுவும் இல்லாமல் மாதக்கணக்கில் தவித்த காத்மாண்டு, 2016 மார்ச்சில் சீனாவோடு போக்குவரத்து ஒப்பந்தம் போட்டது. பிறகு 2019-இல் மோதிஹாரி–அம்லேக்கஞ்ச் 69 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாயை விரைவாக முடித்துக் கொடுத்தோம், நல்ல வேலை. ஆனாலும் அங்கே வீட்டில் விறகடுப்பு மூட்டிய குளிர்காலத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

தேர்வுக்காக ஒன்றை மட்டும் ஆழமாகப் படிக்க வேண்டுமென்றால் 1996 டிசம்பர் 12-இல் வங்கதேசத்தோடு போட்ட கங்கை நீர் ஒப்பந்தத்தை எடுங்கள். அதன் 30 ஆண்டுக் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது. ஜனவரி 1 முதல் மே 31 வரை மேற்கு வங்கத்தின் ஃபராக்கா தடுப்பணையில் பத்துப் பத்து நாளாகக் கணக்கு. வரத்து வினாடிக்கு 70,000 கன அடி வரை இருந்தால் பாதிப் பாதி. 70,000-க்கும் 75,000-க்கும் இடையில் வங்கதேசத்துக்கு 35,000, மீதி நமக்கு. 75,000-க்கு மேல் போனால் நமக்கு 40,000, மீதி அவர்களுக்கு. மார்ச் 11 முதல் மே 10 வரை, பத்து நாளுக்கு ஒருவராக மாறி மாறி 35,000 உறுதி. 50,000-க்குக் கீழே போனால் உடனே பேச வேண்டும். காவிரியில் பற்றாக்குறை ஆண்டுப் பகிர்வுக்கு இப்படி ஒரு தெளிவான அட்டவணை இல்லாமல் நாம் படும் பாட்டை நினைத்தால் இதன் அருமை புரியும்.

அதன் குறை, அட்டவணை 1949 முதல் 1988 வரையிலான சராசரி வரத்தை வைத்துப் போடப்பட்டது என்பது. மேலே உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் பாசனத்துக்கு எடுக்கும் நீர் அதற்குப் பிறகு கூடியிருக்கிறது. ஃபராக்காவில் ஆறு அந்தப் பழைய கணக்குப்படி ஓடாது. தகராறு வந்தால் தீர்க்க நடுவர் மன்றப் பிரிவும் அதில் கிடையாது. புதுப்பிக்கும்போது அண்மைய முப்பது ஆண்டு அளவீட்டை அடிப்படையாக வைத்து, 50,000-க்குக் கீழே போகும்போது யாருக்கு எவ்வளவு என்பதையும் அட்டவணைக்குள்ளேயே எழுதிவிட வேண்டும். வரவிருக்கும் கோடையின் மதிப்பீட்டை டிசம்பரிலேயே டாக்காவுக்குத் தர வேண்டும். அங்கே போரோ நெல் நடவு ஜனவரியில் தொடங்குகிறது.